பனி இறங்கும் மாதத்தில் திருவருகைக்காலம்

கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்பான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு எது என்று அறியத் திருவழிபாட்டு நாட்காட்டி கையில் இருக்க வேண்டியதில்லை. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கு முன் வராது, டிசம்பர் 3க்குப் பின்னும் போகாது. கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த 2022ல் இந்தக் காலம் 28 நாள் நீண்டது. திங்களில் விழுந்த 2023ல் 22 நாளிலேயே முடிந்துபோனது. 2026ல் நவம்பர் 29 தொடங்கி 26 நாள் கிடைக்கிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இதே வாரங்களில்தான் வானிலை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழைகள் நவம்பர் முடிவில் மண்ணை நனைத்துக் கனக்க வைக்கின்றன. டிசம்பரில் வானம் தெளியத் தெளிய இரவுக் குளிர் ஏறி, உதகையைச் சுற்றிய பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியத் தொடங்குகிறது. மலையில் இருப்பவர்களுக்கு இது எப்படியும் முன்னேற்பாடு செய்தே தீரவேண்டிய பருவம். அதனால் திருவருகைக்காலத்தின் பொருளை இங்கே விளக்குவது எளிது. அதை இழந்துவிடுவதும் எளிதாகவே நடக்கிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே கேக், கிறிஸ்மஸ் தாத்தா, பிறப்புப் பாடல்கள் எல்லாம் வந்துவிட்டால், 25ஆம் தேதி விடியும்போது விழா பழசாகியிருக்கும். காத்திருந்து பழகாத வீட்டில் பிள்ளைகளுக்கு எதிர்நோக்கு என்றால் என்னவென்று கற்றுத்தருவது கடினம். இந்த நான்கு வாரங்களைக் கிறிஸ்மஸ் விழுங்கிவிடாமல் காப்பதே இக்காலத்தின் முதல் வேலை.

காலத்துக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் ஞாயிறு முதல் டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வரும் நாளை நோக்குகின்றன. 17ஆம் தேதியிலிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்புகின்றன. பலருக்கு இது தெரியாது. முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தையோ மரியாவோ இல்லாமல் விழித்திருங்கள் என்ற எச்சரிக்கையே வருவதைக் கேட்டு வியப்பவர்கள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து மூன்று வருகைகளைப் பற்றிப் போதித்தார். முதலாவது உடலெடுத்து வந்தது. கடைசியானது மாட்சியோடு வரப்போவது. இரண்டுக்கும் நடுவே, யாரும் பார்க்காமல் ஒவ்வொருவர் உள்ளத்திலும் நடப்பது இன்னொன்று. நாம் தயாரிக்கக்கூடியது இந்த நடு வருகைக்குத்தான்.

இந்தக் காலம் ஒரே நாளில் உருவானதல்ல. 380இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய சங்கம், டிசம்பர் 17 முதல் சனவரி 6 வரை யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்றது. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்மஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு வகுத்தார். உரோமை மரபில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. இன்று இலத்தீன் வழிபாட்டு முறையில் கட்டாய நோன்பு இல்லை. குரு ஊதா உடை அணிந்தாலும் இது தவக்காலம் ஆகாது. ‘உன்னதங்களிலே’ கீதம் நிறுத்தப்படும், ‘அல்லேலூயா’ தொடரும். பீடத்தில் பூவும், பாடலுக்கு இசைக்கருவியும் அளவோடு இருக்கலாம். மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்று இளஞ்சிவப்பு உடை அணியலாம்.

ஏசாயாவின் பாதையும் மலைப்பாதையும்

ஏசாயா 40ஆம் அதிகாரத்தை மலைச் சாலை தெரிந்தவர்கள் வாசித்தால் சமவெளிக்காரருக்குத் தெரியாத ஒன்று தெரியும். பள்ளத்தாக்கை நிரப்பி, மலையைத் தாழ்த்தி, ஆண்டவருக்குப் பாதை அமையுங்கள் என்கிறது குரல். பாபிலோனில் நாடுகடத்தப்பட்டுக் கிடந்த மக்களுக்குச் சொன்ன சொல் அது. இந்தப் பாதை ஆண்டவர் வரும் பாதை, அவர்கள் ஊர் திரும்பும் பாதையும்கூட. நீலகிரியில் இதற்கு உடனே முகங்கள் நினைவுக்கு வரும். 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்பாடான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்கள் இங்கே பல பங்குகளின், அதாவது கோயில் சமூகங்களின், முதுகெலும்பு. தாயகம் திரும்பியோர் என்று தாள்களில் எழுதப்பட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் அதற்குமுன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள் என்று தொடங்கும் அந்த வாசகத்தை தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு மூத்தவர் ஒருவர் கோயிலில் வாசிக்கட்டும். விளக்கவுரை பாதி தேவைப்படாது.

இனி பாதைக்கு வருவோம். மலைச் சாலை சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலிருந்து உருளும் பாறை அல்ல, வடிய வழியில்லாத தண்ணீர்தான். சாலையின் மலைப்பக்க ஓரக்கால்வாயில் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்கின்றன. சிறுபாலத்தின் வாய் மூடிக்கொள்கிறது. தடுப்புச்சுவரில் நீர் வடிய விட்ட துளைகளில் செடி முளைத்துவிடுகிறது. தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கி எடையைக் கூட்டுகிறது, பிடிமானத்தைக் குறைக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவுகளை இந்த மலைகள் மறக்கவில்லை. ஓரக்கால்வாயை மழைக்கு முன்பே திறந்துவிடுவது கவனத்துக்கு வராத சின்ன வேலை. சாலை நிற்பதும் சரிவதும் அதைப் பொறுத்தது. திருவருகைக்கால ஆன்மச் சோதனையும் இந்த வகை வேலைதான். நம் வாழ்க்கையில் எங்கே எது வடியாமல் தேங்கி நிற்கிறது என்று பார்ப்பது அது.

தேங்கி நிற்பவை ஊருக்கு ஊர் வேறு. இந்த மலைகளில் அடிக்கடி காண்பவை இவை: அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வேலிச் சண்டை, பறித்த இலைக்கும் வெட்டிய கேரட்டுக்கும் கொடுக்காமல் தள்ளிப்போட்ட கூலி, சம்பள நாளில் மதுக்கடைக்குப் போகும் பணம், வயதானவர்களைப் போய்ப் பார்க்காமலே கழிந்த மாதங்கள். கோயிலில் அச்சடித்துத் தரும் கேள்வித் தாளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்துக் கட்டளைகளையும் ஒரே வேகத்தில் ஓட்டி முடிப்பதைவிட, ஒரே ஒரு தேக்கத்தைக் கண்டுபிடித்து அதன் வாயைத் திறப்பது நல்லது.

என்ன செய்யவேண்டும் என்பதைத் திருமுழுக்கு யோவானே விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் மூன்று கூட்டத்தார் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மக்களிடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும், உணவும் அப்படியே என்கிறார். வரி தண்டுவோரிடம், குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள். படைவீரரிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள். பாலைவனத்துக்கு ஓடிப்போகும்படி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரவர் தொழிலுக்குள்ளேயே, பணமும் துணியும் தொடும் இடத்தில் பதில் தருகிறார். இலையை நிறுக்கும் தராசு, வட்டிக்கணக்கு, வாடகைக்கு விட்ட அறை என்று மலைவாசிகளுக்கும் அப்படியான இடங்கள் உண்டு.

இரண்டு அங்கி என்றதும் இங்கே ஸ்வெட்டரும் கம்பளியும் ஞாபகத்துக்கு வரவேண்டும். பல பங்குகளில் கம்பளி வழங்கும் விழாவை 23, 24ஆம் தேதிகளில் வைக்கிறார்கள். குளிர் அதுவரை காத்திருப்பதில்லை. கொடுப்பதை முதல் வாரத்திலேயே கொடுப்பதுதான் சரி. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மலைக்குளிருக்குப் பழகாதவர்கள். அவர்கள் பெயர் நம் பங்குப் பதிவேட்டில் இருக்காது, ஆகவே பட்டியலிலும் விடுபட்டுப்போகும். தோட்டத்தில் அவர்களோடு வேலை செய்கிற அக்காமார்களிடம் கேட்டால் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாருக்குப் போர்வை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கொடுக்கும் துணி துவைத்துக் காய்ந்ததாக, பொத்தான் உள்ளதாக இருக்கட்டும். மூடுபனி வாரத்தில் துவைத்தது காய மூன்று நாளாகும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

நல்ல ஒப்புரவுக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, பழைய ஞானோபதேசம் ஐந்து காரியங்களைக் கேட்கிறது: ஆன்மச் சோதனை, மனத்துயர், இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம், குருவிடம் பாவ அறிக்கை, பரிகாரம். பெரும்பாலும் தவறுவது கடைசியில்தான். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்வதோடு பரிகாரம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சரிசெய்வதும் ஈடுசெய்தல் என்று திருச்சபை எப்போதும் கற்பித்தே வந்திருக்கிறது. இதற்கு நாள் வேண்டும். 24ஆம் தேதி இரவு, திருப்பலிக்கு அரைமணி முன்பு, நீண்ட வரிசையில் நின்று செய்யும் ஒப்புரவில் பாவ அறிக்கைக்கே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். மலையில் ஒரே குரு பல கிளைக் கிராமங்களைப் பார்க்கிறார், கடைசி வாரத்தில் அவருக்கும் மூச்சுவிட நேரமிராது. இரண்டாம் வாரத்துக்குள் முடித்துக்கொண்டால் ஈடுசெய்ய இன்னும் இரண்டு வாரம் மிச்சமிருக்கும்.

வீட்டில்: வளையமும் பதினைந்து நிமிடமும்

திருவருகை வளையம் கட்டளையல்ல, நல்ல கருவி. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்மஸ் எப்போது என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டார். வாரநாள்களுக்குச் சிறியவை, ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவை. நான்கு மட்டும் மிஞ்சிய வடிவம் பிறகு பல சபைகளுக்கும் பரவியது. வாரத்துக்கு ஒன்று கூட்டி ஏற்றும் இவை கத்தோலிக்க வீடுகளில் மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்குரியது, நான்காவதற்கு அல்ல. அடிக்கடி தவறாக ஏற்றப்படுவது இதுதான்.

செய்வதற்கு, குறுக்களவு ஒரு முப்பது செ.மீ. உள்ள தகரத் தட்டில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்புங்கள். நான்கு வத்திகளையும் ஒன்றுக்கொன்று குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விட்டு மணலில் ஊன்றவேண்டும். நெருங்கி நின்றால் ஒன்றின் சூட்டில் மற்றது சாய்ந்து உருகும். பச்சைக்கு வேலியில் வெட்டிய சைப்ரஸ் அல்லது தூஜா கிளை போதும். கற்பூரத்தைல மரத்தின் இலை வேண்டாம், எண்ணெய் உள்ளதால் சட்டென்று பற்றும். சைப்ரஸும் ஒரு வாரத்தில் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக்கிளை மாற்றி, சுடருக்கும் இலைக்கும் நடுவே ஒரு கையளவு இடம் விடவேண்டும். வத்தி எவ்வளவு வேண்டும்? ஒரு மாலைக்கு 15 நிமிடம் என்றால் முதல் வத்தி 2026இன் 26 நாளில் ஆறரை மணி நேரம் எரியவேண்டும். 2 செ.மீ. தடிமனும் 20 செ.மீ. உயரமும் உள்ள சாதாரண வத்தி இதற்குத் தாங்கும். தகரக் கூரை இடுக்கில் காற்று வரும் வீட்டில் ஒரு பக்கமாக ஒழுகிச் சீக்கிரம் தீரும், ஆகவே முதல் வத்திக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கலாம். குளிருக்குக் கதவு சன்னலைச் சாத்தி, அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு செபம் செய்வது மட்டும் கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, உயிரையே கொல்லும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் முதல் ஒரு நிமிடம் விளக்கை அணைத்து இருட்டில் பேசாமல் இருங்கள். மற்றதைவிட இதுதான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். பிறகு வத்தி ஏற்றி, அன்றைய நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். அடுத்து, வேலைக்காக, நோயிலிருந்து விடுபட, வெளியூர் போன மகனுக்காக என்று காத்திருக்கும் யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லி வேண்டுங்கள். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) குடும்பங்களுக்கு ஆங்கிலிகன் மரபிலிருந்து ஓர் அருமையான வழக்கம் உண்டு. 1549 செபநூலில் அமைந்த முதல் ஞாயிறு மன்றாட்டு, இருளின் செயல்களைக் களைந்து ஒளியின் போர்க்கவசத்தை அணிய வரம் கேட்கிறது. 1662 நூல் அதைக் கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள்வரை தினமும் சொல்லச் சொல்கிறது. நான்கு வாரம் ஒரே மன்றாட்டைச் சொன்னால் குழந்தைகளுக்கு மனப்பாடமாகிவிடும்.

குடிலும் கேரலும்

குடில் கட்ட மரப்பாசி பறிக்கும் பழக்கத்தை இந்த மலைகளில் விட்டுவிடத்தான் வேண்டும். சோலைக்காட்டு மரங்களில் படர்ந்த பாசி மூடுபனியின் நீரைப் பிடித்து வைப்பது. மெதுவாக வளரும் அதை ஒரு மூட்டை உரித்தால் மரம் பல ஆண்டு வெறுமையாய் நிற்கும். காப்புக்காட்டில் பறிப்பது குற்றமும் ஆகும். தெர்மாகோல் பனியும் வேண்டாம், அது ஓடையில்தான் போய்ச் சேரும்.

பதிலுக்கு முளைப்பாரி போல விதைக்கலாம். தென் பிரான்சில் புனித பார்பரா திருநாளான டிசம்பர் 4 அன்று சிறு தட்டுகளில் கோதுமை விதைத்துக் குடிலில் வைக்கிறார்கள். முப்பதுக்கு முப்பது செ.மீ. தட்டுக்கு 200 கிராம் கோதுமை வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்து, மூன்று செ.மீ. மண்ணில் நெருக்கமாகப் பரப்பி, முளை வரும்வரை ஈரத்துணி போட்டு மூடவேண்டும். சமவெளியில் எட்டுப் பத்து நாளில் எழும் பயிருக்கு உதகையின் டிசம்பர் குளிரில் ஏறக்குறைய இரு மடங்கு நாள் ஆகும். ஆகவே அமல உற்பவ அன்னை திருநாளான 8ஆம் தேதிக்குள் விதைத்துவிட வேண்டும். இரவில் அடுப்பங்கரை, பகலில் சன்னலோரம். வெயிலில்லாத வாரத்தில் தண்ணீர் தெளிப்பது கூடினால் பூஞ்சணம் பிடித்து வெள்ளையாகும். தெளிப்பதை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்து, துணியையும் எடுத்துவிடுங்கள். தொழுவத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், குழந்தை மட்டும் 24 இரவு வரை வரக்கூடாது. ஞானியரையும் தூரத்திலேயே நிறுத்தி, திருக்காட்சி விழாவுக்கு நாளுக்கொரு அடியாக நகர்த்தலாம்.

கேரல் பவனி விஷயத்தில் பங்குகளைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒவ்வொரு எஸ்டேட்டும் தூரம், மாலையில் மழை, கடைசி பஸ்ஸும் சீக்கிரம் போய்விடும். எல்லா லைன்களையும் 17க்குப் பிறகு ஒரு வாரத்தில் சுற்றி முடிக்க முடியாது. ஆனால் எதைப் பாடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் வருகைப் பாடல்களைப் பாடி, பிறப்புப் பாடல்களை 17ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ அதே நாளில்தான் மார்கழி பிறக்கிறது. விடியுமுன் எழுந்து இறைவனைப் பாடிக் காத்திருப்பது தமிழருக்குப் புதிய பழக்கமல்ல. 17 முதல் 24 வரை அந்த எட்டு நாளும் வாசகங்கள் ஒரே கதையாய் ஓடும்: 17இல் மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல், 18இல் யோசேப்பின் கனவு, 19இல் செக்கரியாவுக்கு வந்த செய்தி, 20இல் மரியாவுக்கு, 21இல் மரியா எலிசபெத்தைச் சந்தித்தது, 22இல் மரியாவின் பாடல், 23இல் யோவான் பிறப்பு, 24 காலையில் செக்கரியாவின் பாடல். வழியில் ஒரு ஞாயிறு வந்தால் அன்று மட்டும் ஞாயிறு வாசகம். தலைமுறைப் பட்டியலை நீளம் என்று யாரும் தாண்டிப் போகவேண்டாம். தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று ஊர் வாய்க்கு இரையான பெண்களும் வேற்றினத்தாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நாடுகடத்தலும் அதற்குள் ஒரு வரியாக வருகிறது.

2028இல் மறுபடி குறுகிய காலம் வருகிறது: டிசம்பர் 3இல் தொடங்கி, நான்காம் ஞாயிறே 24ஆம் தேதியாக விழும். நான்காம் வத்தி எரிவது சில மணி நேரம்தான், அன்று மாலையிலேயே கிறிஸ்மஸ் வழிபாடு தொடங்கிவிடும். ஞாயிறு கடமையும் கிறிஸ்மஸ் கடமையும் தனித்தனி. 24 இரவுத் திருப்பலி ஒன்று இரண்டுக்கும் ஈடாகாது. 23 சனி மாலையோ 24 காலையோ ஒன்று, 24 இரவோ 25 பகலோ இன்னொன்று. பல கிளைக் கிராமங்கள் உள்ள பங்குகள் அந்த ஆண்டு குருவின் பயண நேரத்தை நவம்பரிலேயே தாளில் போட்டு, ஒப்புரவு நாள்களை 16ஆம் தேதிக்குள் முடித்துவிட வேண்டியிருக்கும்.